மைக்செட் அக்கா கூப்பிட்ட பெயர்

பாண்டி தன் லோடு ஆட்டோவை என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமலே உட்கார்ந்திருந்தான். அருப்புக்கோட்டையிலிருந்து மல்லாங்கிணற்றுக்கு, நான் இருக்கிற ஊருக்கு, லோடு கிடைத்தால் தெருமுனையிலிருந்தே ஆரனை அடித்துக்கொண்டு வருகிறவன் அவன். அன்றைக்கு ஆரன் இல்லை. உள்ளே பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் வண்டி வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. தற்செயலாக எட்டிப் பார்த்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா போயிட்டாக."

"எந்த அக்கா?" என்றேன். எங்கள் இருவருக்கும் பொதுவில் ஒரே ஓர் அக்காதான். தெரிந்தேதான் கேட்டேன். பதில் வரும்வரைக்குமாவது அவர் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"மத்தியானம் சாப்ட்டுட்டு கடையில சேருல உக்காந்திருக்காக. டீக்கடைக்காரரு கிளாஸைக் கொண்டாந்து முன்னால வச்சிட்டுப் போயிருக்காரு. ஆறி ஆடை கட்டுன பெறகுதான் தெரிஞ்சிருக்கு."

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புடவையைக்கூட மாற்றாமல் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அருப்புக்கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். பாண்டி அந்த இடத்தில் மட்டும் வண்டியை வேகமாக ஓட்டினான்.

கனகமணி என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. மைக்செட் அக்கா என்றால் பாலவனத்தம் முதல் பரளச்சி வரை தெரியாதவர்கள் இல்லை. கணவர் சின்ன வயதிலேயே இறந்துபோக, பலசரக்குக் கடை வைத்திருந்த கொழுந்தனார்கள் குழாயையும் ஆம்ப்ளிபயரையும் விற்றுவிடச் சொன்னார்கள். "பொம்பளை கம்பத்துல ஏறிக் குழாய் கட்டவா போற?" என்று கேட்டார்களாம். "ஏறுறதுக்கு ஆளு வச்சுக்கிறேன். எந்தப் பக்கம் கட்டணும்னு நான் சொல்லிக்கிறேன்" என்றாராம் அக்கா. அந்த ஒரு பதிலிலேயே அவருடைய முழு வாழ்க்கையும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. எந்தப் பக்கம் கட்டுவது என்பதுதான் அவருக்கு எப்போதும் பிரச்சினை. மற்ற மைக்செட்காரர்கள் கோயிலைச் சுற்றிப் பெரிய தெருக்களைப் பார்த்துக் குழாய் கட்டுவார்கள். அக்கா ஒரு குழாயைக் காலனியைப் பார்த்துக் கட்டாமல் செட்டைப் போட மாட்டார். கேட்டால், "காத்துக்கு யாரு வேலி போட்டா?" என்பார்.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கும் எங்களுக்கும் பழக்கம் ஏற்பட்டது. எங்களுக்கு என்றால், புழுதிப் பட்டாளம் என்ற எங்கள் ஆட்டக் குழுவுக்கு. அப்போது அது பட்டாளமாக ஆகவில்லை. பாண்டியும், தறி ஓட்டுகிற பையன்களும், மில்லுக்குப் போகிறவர்களும், பத்தாவது பெயிலான ஒன்றிரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்தி மண்டியின் சிமெண்ட் தரையில் பிரேக் டான்ஸ் பழகிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த வீடியோ கேசட்டை டெக் வாடகைக்கு எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பழைய டேப்ரிக்கார்டர், பேட்டரி தீர்ந்து பாட்டு இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போன அக்கா நின்று பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஏலே, பாட்டு மூச்சு வாங்குதுலே. கேக்கவே பாவமா இருக்கு. கடைக்கு வாங்க, கரண்டுல ஓடுறதாத் தாரேன்."

தந்தார். பாக்ஸ் ஸ்பீக்கர் தந்தார், மைக் தந்தார், முகூர்த்தம் இல்லாத நாட்களில் வேனும் தந்தார். கொழுந்தனார்கள் பல்லைக் கடித்தார்கள். அக்கா சொன்ன காரணம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது: "கல்யாணம், காதுகுத்து, எலெக்சன், எழவு, எல்லாத்துக்கும் சத்தம் குடுத்திருக்கேன். ஒருத்தராச்சும் உருப்படியா ஒண்ணு சொல்லிக் கேட்டதில்ல. நீங்களாவது சொல்லுங்களேன், என் குழாய்க்கும் ஒரு பொழப்பா இருக்கும்."

நான் பட்டாளத்தில் சேர்ந்ததும் அவரால்தான். அப்போது அருப்புக்கோட்டையில் டைப்பு கிளாஸில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாடியில் கிளாஸ், கீழே அக்காவின் கடை. ஒரு நாள் மேலே ஏறி வந்து என் மிஷின் பக்கத்தில் நின்றார். "அமுதா, ஒன் வெரலு என்னமாத் தாளம் போடுது. அதுலயே வாயால பேசேன்" என்றார். விளையாட்டாகப் பேசிப் பார்த்தேன். தட்டச்சின் வேகத்துக்கு வார்த்தைகளைக் கொட்டுவது எனக்கு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பருத்தி மண்டியில் பாக்ஸில் தாளம் ஓட, பையன்கள் ஆட, நான் மைக்கைப் பிடித்தேன். என் அப்பா வீட்டில் சாமியாடினார். அக்கா நேரே வந்து, "அண்ணாச்சி, வேனுல முன்னால ஒக்காந்து நான் போறேன். என் பக்கத்துல ஒங்க மக வாரா. இதுல ஒங்களுக்கு என்ன போச்சு?" என்று கேட்டார். ஊரில் பேசினவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், நானும் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் விடியும் முன்பே ஒரு பஸ் வரும். தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற பஸ். நான் முதலில் கட்டியது அதைப் பற்றித்தான்.

வண்டி வருது வண்டி வருது விடியும் முன்னே வண்டி வருது
ஏத்திப் போறது மூட்டை இல்ல எங்க வீட்டுத் தங்கச்சி
தூக்கம் தீராக் கண்ணை மூடித் தோளுல சாஞ்சு போறவ
மணியடிக்கிற பள்ளிக்கூடம் மாடு கட்டவா கட்டுனாக?

பாலவனத்தத்தில் இதைப் பேசி முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் மட்டும் தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். சில நாட்கள் கழித்து அந்தப் பிள்ளை பஸ்ஸிலிருந்து நின்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டு நான் தலைகால் புரியாமல் குதித்தேன். அக்கா, "ஒரு புள்ள எறங்கிருச்சு. பஸ்ஸுல இன்னும் அம்புட்டுப் புள்ளக இருக்கு, பாத்துக்க" என்றார். பாராட்டும் திட்டும் அவரிடம் ஒரே குரலில்தான் வரும்.

நாங்கள் செய்ததற்கு ஹிப்ஹாப் என்று பெயர், அமெரிக்காவில் இல்லாதப்பட்ட கறுப்பு இளைஞர்கள் தெருவில் தொடங்கியது என்று மதுரையிலிருந்து வந்த ஒரு கல்லூரிக்காரர் பிற்பாடு எங்களுக்கு விளக்கினார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவுகளுக்கு மைக்செட்டு யாரு குடுத்தாகளாம்?" என்று கேட்டார்.

செந்தட்டியைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது.

பரளச்சிப் பக்கத்து ஊர் ஒன்றின் காலனிக்காரன் அவன். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டினான். அப்பா இல்லை, அம்மா சின்னத்தாய் களை எடுக்கப் போகிறவர். பட்டாளத்தில் அவனைப்போல் ஆட ஆளில்லை. தலையை ஊன்றிக் கால்கள் வானத்தைப் பார்க்கப் பம்பரம் சுற்றுவான். மண்டை காயம் படாமலிருக்க, அவன் அம்மா புல்லுக்கட்டுச் சுமக்க வைக்கிற சும்மாட்டைச் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்துக்கொள்வான். சுற்றி முடித்ததும் தடாலென்று முதுகில் விழுந்து, கால்களை நீட்டி, அசையாமல் கிடப்பான். அங்கேதான் கூட்டம் கத்தும். "இந்த மண்ணுல நேரா நின்னு என்னத்தக் கண்டோம், தலைகீழா நின்னாவது பாப்பம்" என்று சிரிப்பான். அவனுக்கு ஒரே ஆசை இருந்தது. ஏதாவது ஒரு ஊரில், சனம் கூடுகிற மந்தையில், அம்மா முன்வரிசையில் நின்று பார்க்க, தான் ஆட வேண்டும். அவனுடைய சொந்த ஊரில் மந்தைப் பக்கம் அவர்கள் ஓரமாகத்தான் போக முடியும்.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். பாலவனத்தத்தில் எங்களைப் பார்த்த அந்த ஊர் இளவட்டங்கள் பங்குனிப் பொங்கலுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். செந்தட்டி அம்மாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். சின்னத்தாய் ஒரு புதுச்சேலை கட்டியிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை.

கோயில்களில் ஆடும்போது நாங்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருப்போம். இந்த ஆட்டத்தில் கால் எந்தத் திசைக்கும் போகும். சாமிக்கு நேரே கால் நீட்டிவிடக் கூடாது. அதனால் அக்கா முதலில் சன்னதியைப் பார்த்துவிட்டு, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக் கொடுப்பார். "கோட்டுக்கு அந்தப் பக்கம் தலை, இந்தப் பக்கம் காலு" என்பார். அன்றும் போட்டார். கோயிலுக்கு எதிரே நல்ல வழுவழுப்பான நெல்லுக் களம். செந்தட்டி கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆட இறங்கினான்.

நாங்கள் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அன்று காலையிலேயே அம்மனைச் சன்னதியிலிருந்து எடுத்துவந்து களத்துக்குத் தெற்கே, கோயிலுக்கு நேர் எதிராக, ஒரு பந்தலில் வைத்திருந்தார்கள். புறப்பாடு வரைக்கும் பந்தலுக்குத் திரை போட்டிருந்தது. ஏதோ சமையல் பந்தல் என்று நினைத்தோம். கோயிலில் இல்லாத சாமிக்குக் கால் காட்டக் கூடாது என்று செந்தட்டி அத்தனை கவனமாகச் சுற்றி, விழுந்து, நேரே அம்மன் இருந்த பந்தலுக்குக் காலை நீட்டிக்கொண்டு கிடந்தான். வெயில் தாழ்ந்த நேரம். அவன் உள்ளங்காலில் ஒட்டியிருந்த வெள்ளைப் புழுதிகூட எனக்குத் தெரிந்தது.

"ஆத்தாளுக்குக் காலைக் காட்டுறான்லே!"

யார் கத்தியது என்று தெரியாது. பாட்டு நின்றது. திரையை விலக்கிக் காட்டினார்கள். செந்தட்டி பதறி எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். விஷயம் அதோடு முடிந்திருக்கும். முடிய விட்டிருந்தால் மனிதர்கள்தானே என்று நானும் மன்னித்திருப்பேன். ஆனால் ஒரு பெரியவர், களத்தின் நடுவில் வந்து நின்று, "எந்த ஊருலே? யாரு மகன்?" என்று கேட்டார். செந்தட்டி உள்ளதைச் சொன்னான். அந்தக் கூட்டத்தின் முகம் மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கால் காட்டியதற்கு வந்த கோபம் வேறு, அப்போது வந்தது வேறு.

ஊர் கூடிய இடத்தில் விழுந்து கும்பிட்டு எந்திரிக்க வேண்டும் என்றார்கள்.

"சாமி முன்னால விழுறேன்யா. எத்தனை தடவைன்னாலும் விழுறேன். ஒங்க முன்னால எதுக்கு விழணும்?" என்றான் செந்தட்டி. கத்தவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்பவனைப்போல் கேட்டான்.

அக்கா குறுக்கே போய் நின்றார். "கோடு போட்டது நான். தெசையைக் கேக்காம விட்டது நான். ஆத்தாளுக்கு என்ன செய்யணுமோ நான் செய்யுறேன். இந்தப் பிள்ளையை விடுங்க" என்றார். "நீங்க ஒதுங்குங்கம்மா. டவுனு ஆளு, ஒங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல" என்றார் பெரியவர். "ஒதுங்க மாட்டேன்" என்றார் அக்கா. அதற்குள் பின்னாலிருந்து கல் வந்தது. பாக்ஸ் சரிந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட, பாண்டி என்னையும் சின்னத்தாயையும் இழுத்து வேனுக்குள் தள்ளினான். அந்தக் களேபரத்தில் செந்தட்டி கண்மாய்ப் பக்கம் ஓடியதைப் பாண்டி பார்த்தான். அவன் பின்னால் நாலைந்து பேர் ஓடியதையும் பார்த்தான்.

அக்கா வேனில் ஏறவில்லை. மைக்கைக் கையில் எடுத்தார். திருவிழாக்களில் தொலைந்துபோகிற பிள்ளைகளை மைக்செட்டிலிருந்துதான் கூப்பிடுவார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். சட்டை நிறத்தைச் சொல்லி, எங்கிருந்தாலும் வரும்படி அழைப்பார்கள். அக்காவுக்கு அதில் ஒரு பிடிவாதம் உண்டு. தாய் வந்து பிள்ளையைக் கையில் வாங்கும்வரை செட்டை அணைக்க மாட்டார். அன்றும் அதே குரலில், அவசரப்படாமல் கூப்பிட்டார்.

"செந்தட்டி. ஊதா பனியன், கறுப்புப் பேண்ட். வலது முழங்கையில சிராய்ப்பு இருக்கும். செந்தட்டி, எங்க இருந்தாலும் மைக்செட் இருக்குற எடத்துக்கு வரவும். ஒங்க அம்மா இங்க காத்துக்கிட்டு இருக்காக."

வயரை யாரோ அறுத்து எறியும்வரை கூப்பிட்டார். செந்தட்டி வரவில்லை.

அப்புறமும் வரவில்லை. ஸ்டேஷனில், "இளவட்டம், திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருப்பான், கடுதாசி போடுவான்" என்றார்கள். அவன் சொந்தக்காரர்கள் கண்மாயைத் துழாவினார்கள், பாழுங்கிணறுகளில் இறங்கினார்கள். சின்னத்தாய் ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் உட்கார்ந்து, மேலே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். அவர்கள் உதட்டைப் பிதுக்கியதும் எழுந்து அடுத்த கிணற்றுக்கு நடப்பார். ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் ஓடியதற்கும் சாட்சி பாண்டி ஒருவன்தான், பின்னால் ஓடியவர்களுக்கும் அவன்தான். அந்த ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு ஊரே ஒரே மாதிரி எதுவும் தெரியாமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டாளம் கலைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சில பையன்களை வீட்டில் விடவில்லை. அக்கா எஞ்சியவர்களைக் கடைக்குக் கூப்பிட்டார். "நிப்பாட்டுனா அவுக சொன்னது சரின்னு ஆயிரும்" என்றார். அடுத்து பந்தல்குடிப் பக்கம் ஓர் ஊரில் ஆடினோம். ஆட்டத்தில் செந்தட்டி நின்ற இடத்துக்கு வேறொருவனை நிறுத்தப் பாண்டி ஏற்பாடு செய்திருந்தான். அக்கா அவனைத் திரும்பி வரச் சொன்னார். "அந்த எடம் சும்மா கெடக்கட்டும். யாரும் கால் வைக்க வேண்டாம்."

அப்படியே ஆடினோம். எல்லோரும் விலகி வட்டம் கட்டி நிற்க, நடுவில் வெறும் தரை, தரையில் ஒரு சும்மாடு. பாட்டு ஓடும். செந்தட்டி சுற்றி முடிக்கிற நேரம்வரை யாரும் அசைய மாட்டார்கள். முதலில் கூட்டம் சிரிக்கும். பிறகு முணுமுணுக்கும். கடைசியில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏப்பா, ஒரு ஆளு கொறையுதே?" அப்போதுதான் நான் மைக்கை எடுத்துப் பேசத் தொடங்குவேன். பேசும்போது அந்த வெறும் தரையைப் பார்க்காமல் பேச நான் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. சில சமயம் அங்கே புழுதி லேசாக எழும்பி அடங்கும். காற்றுதான். காற்றுதான் என்று எனக்குத் தெரியும்.

அக்காவுக்குத் தெற்குப் பக்கத்து ஊர்களில் தொழில் விழுந்தது. கொழுந்தனார்கள் தங்கள் பலசரக்குக் கடையைத் தனியாகப் பிரித்துக்கொண்டார்கள். அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் புலம்பியதில்லை. அந்த ஊருக்குக் கண்மாய் தாண்டி வடக்கே இருந்த ஊரில் மட்டும் அவருக்கு வாடிக்கை இருந்தது. அடுத்த பங்குனியில் அந்த ஊருக்குச் செட் போடப் போனார். நானும் போயிருந்தேன். எல்லாக் குழாயையும் கட்டியான பிறகு, ஒன்றை மட்டும் அவிழ்த்துத் தெற்கே திருப்பிக் கட்டச் சொன்னார். அந்தப் பக்கம் வீடே கிடையாது, கண்மாயும் பொட்டலும்தான். கம்பத்தில் இருந்தவன், "அங்கிட்டு யாருக்கா இருக்கா?" என்று கேட்டான். "இருக்காக, நீ கட்டு" என்றார்.

பொழுது சாய்ந்து காற்று அடங்கியதும் மைக்கை எடுத்தார். "செந்தட்டி. ஊதா பனியன், கறுப்புப் பேண்ட்..." அதே வார்த்தைகள், அதே நிதானம். குழாயிலிருந்து போன குரல் கண்மாய்க்கரையில் முட்டிச் சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தது. எங்கிருந்தோ வேறொரு பெண்ணும் அவனைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியும் அக்கா கூப்பிட்டார்.

ஒரு நாள் பகலில் நான் கடையில் இருந்தபோது, அன்று களத்தின் நடுவில் நின்று கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் படியேறி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அக்கா சேரைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"தாயி, அதை நிப்பாட்டிருங்க."

"எதை நிப்பாட்டச் சொல்றீக?"

"அந்தப் பேரை. பொழுது சாஞ்சா எங்க ஊருப் பிள்ளைக களத்துக்குப் போக மாட்டேங்குதுக. செட்டுப் போடாத நாள்லயும் சத்தம் கேக்குதுன்னு சொல்லுதுக."

"பிள்ளைகளை விடுங்க. ஒங்களுக்கு என்ன செய்யுது?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "சோறு எறங்கல தாயி" என்றார்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "அவன் செத்துட்டான்னு யாராவது ஒருத்தரு வந்து சொல்லுங்க. எந்த எடத்துலன்னு காட்டுங்க. அவுக அம்மா அழுது முடிச்சிருவா. நானும் நிப்பாட்டிருவேன். உசுரோட இருந்தா அதையாவது சொல்லுங்க. ரெண்டும் இல்லாம எப்படி நிப்பாட்டுறது?"

பெரியவரின் வாய் திறந்தது. ஏதோ வரப்போகிறது என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்று இறங்கிப் போய்விட்டார். சாயங்காலம் என்னிடம், "அவரும் பாவந்தான் அமுதா. ஆனா பாவம்னு விட்டுட்டா அந்தத் தாயி எங்க போவா?" என்றார். எனக்கு அந்தப் பெரியவர்மேல் இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அக்கா என்னைவிடப் பெரிய மனுஷி.

இழவு வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெரு நிறைந்திருந்தது. அக்காவுக்கு அக்காவின் செட்டையே பட்டாளத்துப் பையன்கள் கட்டியிருந்தார்கள். பையன்கள் என்ன பையன்கள், எல்லோருக்கும் பிள்ளைகுட்டி ஆகிவிட்டது. யாருக்கும் பாட்டுப் போட மனம் வரவில்லை. குழாய்கள் சும்மா கட்டிக் கிடந்தன. மறுநாள் தூக்குகிற நேரத்துக்குச் சின்னத்தாய் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அக்காவின் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், அழவில்லை. எழுந்து நேரே என்னிடம் வந்தார்.

"இனிமே எம் மகனை யாரு தாயி கூப்புடுவா?"

அவர் கையைப் பிடித்தேன். கையை விடுவித்துக்கொண்டு ஆம்ப்ளிபயர் இருந்த மேசைக்குப் போனார். பாண்டி ஒன்றும் கேட்காமல் மைக்கை ஆன் செய்து அவர் கையில் கொடுத்தான். இத்தனை வருடங்களில் அவர் மைக்கைத் தொட்டதில்லை. வாயருகே வைத்துக்கொள்ளத் தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"ஏலே செந்தட்டி. அக்கா செத்துப்போயிட்டாகலே. ஒன்னையக் கூப்புட்டுக் கூப்புட்டே தொண்டை வத்திச் செத்துப்போயிட்டாக. எங்க இருந்தாலும் வாலே. வந்து ஒரு பிடி மண்ணாவது போட்டுட்டுப் போலே."

தெரு அப்படியே நின்றது. அங்கிருந்த அத்தனை பேரும் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தோம். யாரும் சொல்லிக்கொண்டு திரும்பவில்லை. நானும் திரும்பினேன். அந்த ஒரு கணம், வருவான் என்று நம்பினேன்.

தெருமுனையில் கையில் ரோஜா மாலையோடு அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். இத்தனை கண்களும் வேறு யாரையோ தேடித் திரும்பியவை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சற்று நேரம் எங்களைப் பார்த்தார். மாலையைத் தரையில் வைத்தார். திரும்பிப் போனார். எதையோ சொல்லத்தான் வந்தார் என்று பாண்டி அடித்துச் சொல்கிறான். மாலை போட வந்தார், பயந்துபோய்விட்டார், அவ்வளவுதான் என்கிறார்கள் மற்றவர்கள். எனக்குத் தெரியாது. அவர் பின்னால் ஓடிப்போய்க் கேட்டான் பாண்டி. அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அக்காவைத் தெரிந்தவர்களே, அவர் செட்டை யார் எடுத்துக்கொண்டது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பாண்டி நடத்துகிறான். எனக்கு அதில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் கூப்பிட்ட பெயரை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். வருகிற பங்குனியில் கண்மாய்க்கு வடக்கே அந்த ஊரில் செட் போடுகிறோம். கூப்பிடப்போவது நான்.

ஊதா பனியன், கறுப்புப் பேண்ட் என்றா இன்னும் சொல்லப்போகிறாய், உயிரோடு இருந்தால் இந்நேரம் முப்பது தாண்டிய ஆளாயிற்றே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதையேதான் சொல்வேன். அவனைக் கடைசியாகப் பார்த்தவர்களுக்கு அந்த அடையாளம்தானே தெரியும்.